ஏரிக்குப் பதினொரு மணிக்குப் போகிறவர்கள்

ஏரித் தண்ணீரை ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்களை அனுப்பிவைக்கும் முறைமீது சுத்தமாக இல்லை. ஒரு செமஸ்டர், நாலு துறை, ஒரு கல்லூரிப் பேருந்து, அஞ்சு பாட்டில் தண்ணீர், கடைசியில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி. இதற்குப் 'பல்துறை ஆய்வு' என்றும் 'சமூகப் பங்கேற்பு' என்றும் பெயர். நான் படித்த இந்த மாதிரி அறிக்கைகள் பலவற்றில் இரண்டுமே கிடையாது.

பேருந்து ஏரிக்கரைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. சாக்கடை கலந்து பச்சையாகப் பாசி படர்ந்த ஏரியில் அந்த நேரத்தில் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் என்ன வரும்? நல்ல எண் வரும். வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டிருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். பாசி மண்டிய ஏரி மத்தியானத்தில் அதையும் தாண்டிக் காட்டும். மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பதோ 4தான். ஏரி பாஸ்!

அதே பாசி இரவில் ஆக்சிஜனை உறிஞ்சும். அடியில் கிடக்கும் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்னால் அளவு அதலபாதாளத்துக்குப் போகும். மீன் கூட்டமாகச் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அறிக்கையில் 'நன்று', கரையில் நாற்றம்.

இது யாருக்குத் தெரியும்? மீன் குத்தகை எடுத்தவருக்குத் தெரியும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைப் பார்த்தே தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவார். அவரிடம் நம் மாணவர்கள் கேட்பது என்ன? 'ஏரியைத் தூய்மையாக வைத்திருப்பது அவசியம் என்று கருதுகிறீர்களா? ஆம், இல்லை, ஓரளவு.' பாவம், அவரும் 'ஆம்' என்கிறார். பை சார்ட் ரெடி.

குத்தகைக்காரர் சொன்னதைச் சமூகவியல் மாணவி தன் நோட்டில் எழுதி, அதைப் படித்து வேதியியல் மாணவன் தன் பாட்டிலை விடிகாலை நாலரைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது பல்துறை ஆய்வு. நாலு துறைப் பெயர்களை முதல் ஸ்லைடில் போடுவதற்குப் பெயர் வேறு.

நாலரைக்கு எப்படி சார் பசங்களை அனுப்புவது, பாதுகாப்பு என்னாவது என்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு மீட்டரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். சமூகப் பங்கேற்பு என்றால் வேறென்ன? நான் இருக்கும் மென்பொருள் துறையில், ராத்திரி விழும் சர்வரைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்று எழுதினால் வேலை போய்விடும்.

இப்படியெல்லாம் அளந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியைக் காட்டுவேன். 1955இல் அங்கே சாக்கடை ஊட்டத்தில் வளரும் ஒரு பாசியை எட்மண்ட்சன் என்ற பேராசிரியரின் குழு கண்டது. 1933இலும் 1950இலும் எடுத்த பழைய அளவுகள் கையில் இருந்ததால் ஏரி எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அதைப் பொதுமக்களுக்குப் புரியும்படி சொன்னார்கள். கழிவுநீரைத் திருப்பிவிடும் திட்டம் 1958 மார்ச்சில் வாக்கெடுப்பில் தோற்றது. அதைத் திருத்தி, செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்து ஜெயித்தார்கள். 1968க்குள் ஏரியில் விழுந்த சாக்கடை திருப்பப்பட்டது, தண்ணீர் தெளிந்தது. பழைய அளவு, அதைப் படித்துக்காட்ட ஆள், முடிவெடுக்க மக்கள். மூன்றும் இருந்தன.

நம்மிடம் பழைய அளவே இல்லை. சீனியர் பேட்ச் எந்த இடத்தில் பாட்டிலை முக்கியது என்று ஜூனியர் பேட்ச்சுக்குத் தெரியாது. வைவா முடிந்ததும் ரெக்கார்ட் நோட்டு அலமாரிக்குப் போகிறது. ஊருக்குத் திரும்பி வருவது ஃபிளெக்ஸ் பேனர் மட்டும்: 'நீர்நிலைகளைக் காப்போம்.' யாரிடமிருந்து? எந்தக் குழாய் வழியாகச் சாக்கடை ஏரிக்குள் விழுகிறது என்று கரையோரத் தெருக்காரருக்கு அத்துப்படி. அவரைப் பார்த்துக் கோஷம் போடுவது, அடி வாங்கியவனிடமே அடிதடி தப்பு என்று பாடம் எடுப்பது மாதிரி. விழிப்புணர்வு தேவைப்படுவது அந்தக் குழாய்க்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. குறித்த அதே நாலு இடம், விடிகாலை ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு, ஒவ்வொரு பேட்ச்சும் முந்தின பேட்ச்சின் எண்களிலிருந்து தொடங்க வேண்டும். முடிவுகள் தமிழில், ஒரே தாளில், ரேஷன் கடைச் சுவரில். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊராட்சி எல்லைக்குள் ஏரி இருந்தால், அன்றைக்குப் பேரணி போகாமல் சபையில் உட்கார்ந்து அந்த எண்களை வாசியுங்கள். குழாயின் பெயரையும் சேர்த்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். யாருக்குமே கோபம் வராத ஏரி ஆய்வு, மதிப்பெண்ணுக்காகத் தண்ணீர் மொண்ட கதைதான்.