கூடிக் கற்கும் திண்ணைகள் எங்கே?



மேடை போடுகின்றோம், ஒலிபெருக்கி கட்டுகின்றோம், ஒருவர் முழங்க ஐந்நூற்றுவர் கைதட்டுகின்றோம். கூட்டம் கலைந்தபின், தொல்காப்பிய நூற்பா ஒன்றையேனும் பொருள் விளங்கக் கற்றவர் அவ் ஐந்நூற்றுவருள் எத்துணைப் பேர்? இவ் வினாவை மாற்றாரிடம் கேட்கவில்லை, நம்மிடமே கேட்டுக்கொள்கின்றோம்.

கற்றல் தனியொருவன் வினையன்று என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் இதற்கொரு கணக்கே வகுத்துள்ளார். ஆசான் உரைப்பதை எத்துணைக் கருத்தாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கோ பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். கைதட்டுவோர்க்கு இக் கணக்கில் இடமே இல்லை!

இக் கணக்கு ஏட்டோடு நின்றதன்று. திருவரங்கத்தைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்குப் பொருள் விரித்தார். திரண்டிருந்த கூட்டம் அரங்கனைக் காண வந்ததோ, நம்பிள்ளையைக் கேட்க வந்ததோ எனக் கண்டோர் மயங்கியதாக வழிவழிச் செய்தி உண்டு. அவர்கள் வாளா கேட்டுக் கலைந்தவர் அல்லர். வடக்குத் திருவீதிப் பிள்ளை என்னும் மாணாக்கர், பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதில் ஒலிப்பது ஓர் ஆசானின் குரல் மட்டுமன்று. கேட்டோர் எழுப்பிய ஐயங்களும், முன்னை ஆசிரியர்கள் மாறுபட்டுரைத்த பொருள்களும் அவரவர் பெயரோடு பதிவாகியுள்ளன. அதன் மணிப்பவள நடை நமக்கு உடன்பாடன்று. அக் குறை நீங்கப் பு.ரா. புருடோத்தமனார் அதனைத் தமிழாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நடையை விலக்குவோம், முறையைக் கொள்வோம்.

காவிரியைக் கடந்து இக்கரைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தவர் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனார் (1815–1876). தண்டியலங்காரம் கற்க அவாவியபோது, அந் நூலறிந்தவர் இரந்துண்டு திரிந்த ஒருவரே என அறிந்து, அவர் பின்னாலேயே நடந்து பாடங்கேட்டார். கற்றதைப் பூட்டி வைத்தாரில்லை. சோறும் இடமும் தந்து மாணாக்கர்க்கு வாரி வழங்கினார். தியாகராசனாரும், கிறித்தவரான சவேரிநாதரும், உ.வே. சாமிநாதரும் அத் திண்ணையில் கற்றவர்களே. 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியது அப் பயிற்சியின் விளைவன்றோ?

பழந்திண்ணைகளில் பெண்டிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெரும்பாலும் இடமில்லாதிருந்தது. அக் கறையை மறைக்க மாட்டோம். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, வயலிலும் கற்குழியிலும் உழைத்த மகளிர் கூடியமர்ந்து எழுத்துக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். கதவு திறந்தால் திண்ணை நிறையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, அன்பர்களே! ஞாயிறுதோறும் தெருவுக்கு ஐவர் கூடுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் பொருளுரைக்க, இருவர் தடை எழுப்ப, ஒருவர் எழுதி வைக்கட்டும். மறுகிழமை முறையை மாற்றிக்கொள்ளுங்கள். குலம் வினவாதீர், மகளிரை அடுக்களையில் நிறுத்தாதீர், அறியாததை அறியேன் என்று சொல்ல நாணாதீர்.

மொழியை முழக்கத்தால் மட்டும் காக்கவியலாது. கற்றவர் பெருகினால் அது தானே காக்கப்படும். அடுத்த மேடைக்குக் கால் நடுமுன், ஒரு திண்ணையைப் பெருக்கி வையுங்கள்!