சங்கு ஊதாமல் நின்ற வேலை

ஒரு மில் மூடினால் ஊருக்கே தெரியும். காலையில் சங்கு ஊதாது. வாசலில் கூட்டம் கூடும். டீக்கடையில் அதே பேச்சாக இருக்கும். தொழிற்சங்கத்தார் வருவார்கள். கலெக்டரிடம் மனு கொடுப்பார்கள். பத்திரிகையில் செய்தி வரும்.

கொரோனா வந்த 2020-ம் ஆண்டில் இன்னொரு வகை வேலையும் நின்றது. அதற்குச் சங்கு இல்லை. வாசல் இல்லை. அது நின்ற விவரம் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. சில வீடுகளில், அடுத்த அறையில் இருந்த தாயாருக்கே தெரியாது!

மகன் வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நேற்று வேலை செய்தான். இன்று வேலை தேடினான். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

யார் இவர்கள்?

இவர்களுக்கு ஒரே முதலாளி கிடையாது. மாதச் சம்பளம் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. இணையத்தின் வழியாக வேலை வரும். அதை வீட்டில் இருந்தே செய்து அனுப்புவார்கள். செய்த வேலைக்குக் கூலி. ‘ஃப்ரீலான்சர்’ என்று இவர்களுக்குப் பெயர்.

கல்யாண ஆல்பம் எல்லோருக்கும் தெரியும். படம் எடுப்பவர் ஒருவர். அந்தப் படங்களை அடுக்கி, நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அழகு செய்பவர் பல இடங்களில் வேறொருவர். எங்கோ ஒரு ஊரில், வீட்டின் ஒரு மூலையில் அவர் இருப்பார். ஸ்டூடியோக்காரர் படங்களை அனுப்புவார். இவர் வேலையை முடித்துத் திருப்பி அனுப்புவார். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்ப்பவரும் இப்படித்தான்.

மொழிபெயர்ப்பவர், விளம்பரம் வரைபவர், பேச்சைக் கேட்டு எழுத்தில் தருபவர், பிற கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுபவர் என்று இன்னும் பலர் உண்டு. அப்வொர்க், ஃபைவர் போன்ற இணையதளங்கள் மூலம் வெளிநாட்டு வேலை செய்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட தளங்களில் வேலை செய்கிறவர்களில் இந்தியர்களே அதிகம் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

“அவனுக்கென்ன, டாலரில் சம்பாதிக்கிறான்” என்று ஊரார் பேசுவார்கள். எத்தனை டாலர்? அதே அறிக்கை அதையும் சொல்லுகிறது. மணிக்குச் சராசரி 3.4 டாலர். பாதிப் பேருக்கு 2.1 டாலர்கூட இல்லை. அதிலும் தளத்துக்குக் கமிஷன் போகவேண்டும். கொரோனா காலத்தில் அப்வொர்க் தளம், ஒரு வாடிக்கையாளரிடம் சம்பாதிக்கும் முதல் 500 டாலரில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொண்டது. வேலை கேட்டு விண்ணப்பம் போடுவதில் சில இலவசம். அதற்குமேல் காசு. வேலை கிடைக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான்!

சித்திரை போயிற்று

2020 மார்ச் 24-ந் தேதி இரவு பிரதமர் மோடி டெலிவிஷனில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாள் நாடெங்கும் ஊரடங்கு என்றார். 21 நாள் என்றது மே 31 வரை நீண்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

பங்குனியில் ஆரம்பித்த ஊரடங்கு சித்திரையை விழுங்கியது. வைகாசியையும் விடவில்லை. கல்யாண மண்டபங்களில் பூட்டுத் தொங்கியது. பிறகு கல்யாணத்துக்கு அனுமதி கிடைத்தபோதும், 50 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். 50 பேர் வரும் கல்யாணத்துக்குப் பெரிய ஆல்பம் யார் போடுவார்கள்?

ஆல்பம் செய்பவருக்கு ஆடியில் வேலை இராது. மார்கழியில் இராது. தையிலும் சித்திரையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் சம்பாதிப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டவேண்டும். ஆகையால் அவர் இழந்தது இரண்டு மாதக் கூலி அல்ல. அரை வருஷச் சாப்பாடு.

வெளிநாட்டு வேலை செய்தவர்கள் கதையும் இதுதான். விமானம் நின்றது. ஓட்டல்கள் மூடின. சுற்றுலா படுத்தது. அந்தக் கம்பெனிகளுக்கு விளம்பரம் எழுதியவர்களுக்கும் படம் வரைந்தவர்களுக்கும் வேலை வரவில்லை.

ஓர் ஊழியரை நிறுத்தவேண்டுமானால் நோட்டீசு கொடுக்கவேண்டும். கணக்குத் தீர்க்கவேண்டும். இவரை நிறுத்துவதற்கு ஒன்றுமே வேண்டாம். அடுத்த வேலையை அனுப்பாமல் இருந்தால் போதும்!

எல்லா இணைய வேலையும் குறைந்துவிடவில்லை. கடைகள் இணையத்துக்கு மாறின. அதனால் இணையதளம் அமைக்கத் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. ஆனால் வேறொரு கஷ்டம் வந்து சேர்ந்தது. ஆபீசில் வேலை போனவர்கள், கல்லூரி மூடியதால் வீட்டில் இருந்த மாணவர்கள் எல்லோரும் அதே இணையதளங்களில் வந்து குவிந்தார்கள். ஆள் கூடினால் கூலி இறங்கும். ஒருவர் 500 ரூபாய் கேட்டால், அடுத்தவர் 300 ரூபாய்க்குச் செய்கிறேன் என்பார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

சமாளித்த விதம்

சும்மா உட்கார்ந்துவிடாமல் வேலையை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள், டியூஷன் ஆசிரியர்களின் பாடங்களைச் சீர்செய்து கொடுத்தார்கள். அழைப்பிதழ் வரைந்தவர்கள், வாட்ஸ்-அப்பில் அனுப்பும் அசையும் அழைப்பிதழ் செய்தார்கள். கல்யாணத்துக்குப் போக முடியாத உறவினர்கள் வீட்டில் இருந்தே பார்க்கும்படி, யூ-டியூப்பில் நேரடி ஒளிபரப்புச் செய்தவர்களும் உண்டு.

கெட்டிக்காரர்கள்தான். ஆனால் வேலையை மாற்றிக்கொள்வது சொல்வதுபோல் சுலபம் அல்ல. வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு செல்போன். காலையில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. மத்தியானம் இன்னொரு பிள்ளைக்கு. வேலை செய்கிறவர் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மூன்று வேளையும் சமையல். பாத்திரம் கழுவி முடித்து, மற்றவர்கள் தூங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு அவள் வேலை தேடவேண்டும்.

நகை அடகுக்குப் போயிற்று. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி ஒரு சலுகை கொடுத்தது. 100 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 75 ரூபாய் வரை கடன் கொடுத்துவந்த பாங்கிகள், 90 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. 2021 மார்ச் முடிய இந்தச் சலுகை இருந்தது. அவசரத்துக்கு உதவிற்று. ஆனால் கடன் எவ்வளவு கூடியதோ, நகையை மீட்கும் பாரமும் அவ்வளவு கூடியது.

தவணைக் கடனுக்கும் தள்ளிவைப்பு வந்தது. முதலில் மூன்று மாதம். பிறகு 2020 ஆகஸ்டு 31 வரை. தவணைதான் நின்றது. வட்டி நிற்கவில்லை. இதைத் தெரியாமல், ஆறு மாதம் கடன் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இந்தச் சமயத்தில் மோசக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘வீட்டில் இருந்தே டைப் அடிக்கலாம், கை நிறையப் பணம்’ என்று செல்போனில் செய்தி வரும். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு பக்கம் பக்கமாக வேலை கொடுப்பார்கள். முடித்து அனுப்பினால், “ஏகப்பட்ட பிழை. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய். அபராதம் கட்டு” என்பார்கள். வக்கீல் நோட்டீசு என்று ஒரு காகிதமும் வரும். பயந்துபோய் மேலும் பணம் கட்டியவர்கள் உண்டு. இந்த மோசடி இன்றும் நடக்கிறது. வேலை கொடுப்பவர் கூலி கொடுப்பாரே தவிர, கட்டணம் கேட்கமாட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு.

பெயர் எங்கே இருக்கிறது?

2020-ல் தமிழ்நாடு சர்க்கார் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. இலவச அரிசியும் கொடுத்தது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. பல வீடுகளில் அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இவை கார்டுக்குக் கிடைத்த உதவி. தொழிலாளி என்ற முறையில் கிடைத்த உதவி வேறு. நல வாரியத்தில் பதிந்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ டிரைவர்களுக்கும் தனியாக 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அவர்கள் பெயர் பதிவேட்டில் இருந்தது. ஆகவே கொடுக்க முடிந்தது. ஆல்பம் செய்பவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது?

இங்கிலாந்தில் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு, அவர்களுடைய சராசரி லாபத்தில் நூற்றுக்கு 80 பங்கு, மாதம் 2,500 பவுன் வரை, மூன்று மாதத்துக்குச் சர்க்கார் கொடுத்தது. பிறகும் சில தடவை கொடுத்தது. எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? அவர்கள் ஏற்கெனவே காட்டிய வரிக் கணக்கை வைத்து. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொழில் ஆரம்பித்தவர்களுக்கு முதல் உதவி கிடைக்கவில்லை. கணக்கு இல்லாதவருக்கு அங்கேயும் பணம் இல்லை!

வீட்டில் செய்யும் வேலையைக் கணக்கில் எடுப்பது எப்படி என்று சிலர் கேட்கலாம். இது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையில் திண்ணைதோறும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறார்கள். அவர்களும் தொழிலாளிகளே என்று 1966-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் சேமநல நிதி உண்டு என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. முறத்தை மடியில் வைத்துச் செய்வது தொழில். கம்ப்யூட்டரை மேசையில் வைத்துச் செய்வது தொழில் இல்லையா?

செய்யக்கூடியது

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. இணையத் தளங்கள் மூலம் வேலை செய்கிறவர்களை அது தொழிலாளிகளாகக் குறிப்பிடுகிறது. தளம் நடத்தும் கம்பெனிகள், வருஷ விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்கிறது. அந்நிய நாட்டில் இருக்கும் கம்பெனியிடம் இந்தப் பணத்தை எப்படி வசூலிப்பார்கள்? ஸ்டூடியோவிடம் நேரே வேலை வாங்குகிறவருக்குத் தளமே இல்லையே, அவருக்கு யார் கட்டுவார்கள்? இதைச் சர்க்கார் தெளிவாகச் சொல்லவேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன வேலை, எவ்வளவு கூலி, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். எவ்வளவு சின்ன வேலையானாலும் பில் கொடுங்கள். பணத்தைப் பாங்கிக் கணக்கில் வாங்குங்கள். கடன் கேட்கப் போனாலும் உதவி கேட்கப் போனாலும் கையில் காட்ட ஒன்று இருக்கும்.

ஸ்டூடியோக்காரர் பெண் வீட்டாரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வேலையை ஒப்புக்கொள்கிறார். ஆல்பம் செய்பவர் மட்டும் எல்லாம் முடிந்து கடைசியில் பணம் வாங்குவது என்ன நியாயம்? அவரும் பாதிப் பணத்தை முன்னால் கேட்கவேண்டும். கூச்சம் வேண்டாம்.

பாக்கி வைத்து இழுத்தடிக்கிறவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, 45 நாளைக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. இதற்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலையில் ஆரம்பமாயிற்று. ஆதாரும் பான் கார்டும் வேண்டும். கட்டணம் கிடையாது. தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ பதிவும் இலவசம்தான்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. “வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறான்” என்று வந்தவர்களிடம் சொல்லாதீர்கள். “இந்த மாதம் வேலை வந்ததா?” என்று மகனைக் கேளுங்கள். மருமகளையும் கேளுங்கள். 2020-ல் அந்த ஒரு கேள்வி இல்லாததால், கந்துவட்டிக் கடன் கழுத்தளவு வந்த பிறகே விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால், ஒரு நகையை விற்றுக் கடனை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கென்று 2023 டிசம்பரில் ஒரு நல வாரியம் ஏற்படுத்தப்பட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தை வண்டியில் கொண்டுபோகும் இளைஞர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. வெயிலிலும் மழையிலும் அவர்கள் படும் பாட்டை ரோட்டில் எல்லோரும் பார்க்கிறோம். வீட்டுக்குள் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. வாரியத்தின் பதிவுப் படிவத்தில் ஆல்பம் செய்பவர், வீடியோ தொகுப்பவர், மொழிபெயர்ப்பவர், கணக்கு எழுதுபவர் என்று அவர்கள் தொழிலின் பெயரும் அச்சாகவேண்டும். முதலாளியின் கையெழுத்துக் கேட்காமல், அவர் கொடுத்த பில்லையும் பாங்கிக் கணக்கையும் பார்த்துப் பதிவு செய்யவேண்டும். அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு முன்பே அமைச்சர் இதைச் செய்யலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.