அஞ்சு ஸ்டார் கேட்காதீர்கள்

எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் முன்பெல்லாம் இரண்டு வகைதான். ஒன்று, பூப் படத்தோடு காலை வணக்கம். இன்னொன்று, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்பது. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அண்ணா, எங்க பையன் சொந்தமா ஒரு ஆப் பண்ணியிருக்கான். கீழே லிங்க் இருக்கு. டவுன்லோட் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டு, சூப்பர்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. உங்க குரூப்புக்கும் அனுப்புங்க." அந்த ஆப் எதற்குப் பயன்படும் என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

நான் டவுன்லோட் செய்வேன். ஒரு வாரமாவது பயன்படுத்திப் பார்ப்பேன். அதன் பிறகு மனதில் பட்ட ஸ்டாரைத்தான் போடுவேன். இதனால் எங்கள் ஓய்வூதியர் குரூப்பில் ஓரிருவருக்கு என்மேல் வருத்தம். "சின்னப் பையன் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கான். ஒரு ஸ்டார்தானே சார், காசா பணமா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். காசு பணம் இல்லைதான். அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய கம்பெனிகள் கிரிக்கெட் மேட்ச் நடுவே விளம்பரம் கொடுக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து தனி ஆளாக ஆப் செய்கிற பிள்ளையிடம் அந்தப் பணம் கிடையாது. அவனைத் தெரிந்த நாற்பது ஐம்பது பேர் அவன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான் அவனுடைய முதல். பார்க்காமல் ஸ்டார் போடச் சொல்வது அந்த முதலை எடுத்துத் தின்பது. இதுதான் என் அபிப்பிராயம்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஆதார் வராத காலத்தில், புதிதாகக் கணக்குத் தொடங்க வருபவருக்கு ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். 'இவரை எனக்கு இத்தனை மாதமாகத் தெரியும்' என்று எழுதித்தான் கையெழுத்து. முகம் தெரியாதவனுக்குத் தாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போட்டு, பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தவர்கள் உண்டு. ஸ்டார் போடுவதும் அறிமுகக் கையெழுத்துதான். எங்கோ தர்மபுரியில் ஒரு கடைக்காரர் அந்த 4.9ஐப் பார்த்து நம்பி, தன் கடன் கணக்கை எல்லாம் அந்த ஆப்பில் ஏற்றுவார். ஒரு நாள் அது திறக்காமல் போனால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இன்னொன்றும் வங்கியில் பார்த்தது. மார்ச் நெருங்கினால் புதுக் கணக்கு பிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்குவார்கள். கிளைகளில் மாமனார், மைத்துனி, எதிர்வீட்டுப் பையன் என்று ஆளுக்குக் குறைந்தபட்சத் தொகையில் கணக்கு முளைக்கும். எண்ணிக்கை ஏறிவிடும். ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கணக்குகளில் ஒரு வரவும் இருக்காது, செலவும் இருக்காது. அந்த லெட்ஜர்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். சொந்தக்காரர்கள் டவுன்லோட் செய்து மறுநாளே அழித்துவிடும் ஆப்பும் அதே கதைதான். ஆப் செய்தவருக்குத் தன் ஆப்பை எத்தனை பேர் ஏற்றினார்கள், எத்தனை பேர் எடுத்துவிட்டார்கள் என்பதைக் கூகுளே கணக்காகக் காட்டுகிறது. பொய் ஸ்டாருக்கும், காசு கொடுத்து வாங்கும் டவுன்லோடுக்கும் கூகுள் ப்ளே விதிகளில் தடை இருக்கிறது. ஆப்பையே கடையிலிருந்து தூக்கிவிடலாம். இவ்வளவு ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் டவுன்லோட் என்று விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, பணம் இல்லாதவர் பின்னே என்னதான் செய்வது? உறையூரில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவரின் மகள் செய்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் நோட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அந்தப் பெண் பால் கணக்குக்கு ஒரு ஆப் செய்தாள். எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு. அவ்வளவுதான் அதன் வேலை. தனிநபராகப் புதிதாக ஆப் போடுகிறவர்களுக்குக் கூகுள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு கணக்குத் தொடங்கியவர்கள், கடையில் வைப்பதற்கு முன் 20 பேரைச் சேர்த்து 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். பல பிள்ளைகள் இதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். முகம் தெரியாத ஆட்களைக் கணக்குக்குச் சேர்த்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, விளம்பரக் காசு இல்லாதவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது என்று தோன்றுகிறது. நிஜமாகவே அந்த வேலை தேவைப்படுகிற 12 பேரைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அவள் பிடித்த பன்னிரண்டில் பால்காரர்கள் ஐந்து பேர். மீதி நாங்கள், பால் வாங்கும் வீடுகள். "பேங்க் தாத்தா, நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. எங்கே இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இடித்தது நிறையவே இருந்தது. அரை லிட்டர் போட முடிந்தது, கால் லிட்டர் போட முடியவில்லை. விரலால் தட்டினால் கீபோர்டு மேலே வந்து 'சேமி' பொத்தானை மறைத்தது. காலை நாலரை மணி இருட்டில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசியது. இது பால்காரர்கள் சொன்னது, எங்களுக்குத் தோன்றியே இருக்காது. ஊருக்குப் போகிறோம், பத்து நாள் பால் வேண்டாம் என்றால் பத்துத் தடவை தட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பழைய டைரி ஒன்றில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. முதலில் அவள் வைத்திருந்தது வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர். ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பெயருக்கு 30 எழுத்துதான் அனுமதி, அடுத்து வரும் ஒரு வரி விளக்கத்துக்கு 80. தமிழில் இது இன்னும் இறுக்கம். கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் கணினி தனித்தனியாக எண்ணும். 'பால் கணக்கு' என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு இடைவெளியோடு பதினொன்று. அப்படி இருந்தும் அந்தப் பெயரையே வைக்கச் சொன்னோம். தேடுகிறவர் எதைத் தட்டுவாரோ அதுதானே பெயர்? ஆங்கில எழுத்தில் அதையே தட்டுகிறவர்களும் உண்டு என்பதால் விளக்கத்தில் அதையும் சேர்த்தாள். விளக்கத்துக்கு 4,000 எழுத்து வரை இடம் இருக்கிறது. பலர் அதை வீணாக விடுகிறார்கள்.

பரப்பியது யார்? நாங்கள் அல்ல, அவளும் அல்ல. விடியற்காலையில் பால்காரர்கள் கூடுகிற டீக்கடையில், சோதித்துப் பார்த்த ஐவரில் ஒருவர் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டியிருக்கிறார். ஒரு பால்காரர் பிடித்துக்கொண்டால் அவர் பின்னால் அறுபது எழுபது வீடுகள் வரும். டெபாசிட் திரட்டப் போகும்போது எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் வீடு வீடாக ஏற மாட்டார். நேரே பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் போவார், அல்லது கடைவீதியில் எல்லாரும் வந்துபோகும் கடைக்காரரிடம் போவார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தந்திரம் செல்போனுக்கும் அப்படியே பொருந்துகிறது. குரூப் குரூப்பாக ஃபார்வர்டு செய்வது இதற்கு ஈடாகாது. வாட்ஸ்அப்பே 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குரூப்புக்குத்தான் அனுப்ப முடியும் என்றாக்கியது. ஃபார்வர்டு என்றாலே சந்தேகம் என்ற நிலை வந்துவிட்ட பிறகு அதில் ஆப்பை ஏற்றி என்ன பயன்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பால் நன்மையே நடக்காது என்று சொல்லவில்லை. வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டு கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நிச்சயம் தெரிந்திருக்கும். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காகச் செய்தது. அது ஆப்கூட இல்லை, வெறும் இணையப் பக்கம். முதலில் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஆடினார்கள். அங்கே எல்லாரும் விடாமல் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் வெளியே விட்டார். 2021 நவம்பர் 1ஆம் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் 3 லட்சம். விளம்பரம் ஒரு பைசாவுக்கு இல்லை. விடையைச் சொல்லாமல் பச்சை, மஞ்சள் கட்டங்களாக மட்டும் தன் ஆட்டத்தைப் பிறருக்குக் காட்டும் வசதி ஒன்று அதில் இருந்தது. அதுகூட ஆடுகிறவர்கள் தாங்களாகத் தொடங்கியது; அவர் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. இதெல்லாம் லட்சத்தில் ஒன்று. நம் பிள்ளைக்கும் நடக்கும் என்று கனவு காணச் சொல்லவில்லை. அந்தக் குடும்ப குரூப்பில் அவர்கள் ஸ்டார் போடவில்லை, ஆடினார்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் மசாகோ வகாமியா. ஜப்பானியர், 1935இல் பிறந்தவர், நம்மைப் போல வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜப்பானில் மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. நம் நவராத்திரிக் கொலு மாதிரியே படி கட்டி, எந்தப் படியில் எந்தப் பொம்மை என்று முறை வைத்து அடுக்குவார்கள். (நம் ஊரில் கொலுவுக்கு ஒரு ஆப் யாராவது செய்தால் என் மனைவி முதல் ஆளாக நிற்பாள்.) அந்தப் பொம்மைகளைச் சரியான இடத்தில் வைக்கும் விளையாட்டை 2017இல், 81ஆவது வயதில், தானே கற்றுக்கொண்டு அவர் செய்தார். வயதானவர்களுக்குத் திரையில் விரலை இழுப்பது கஷ்டம் என்பதால் தொட்டாலே நகரும்படி அமைத்தார். அதே வருஷம் ஆப்பிள் கம்பெனி தன் பெரிய மாநாட்டுக்கு அவரை அமெரிக்காவுக்கு அழைத்தது. அவர் ஆப்பை உலகத்துக்குச் சொன்னது பத்திரிகைகள். ஒருவர் ஆப் வெளியிட்டார் என்பது செய்தி இல்லை. 81 வயதுப் பாட்டி, தன் வயதுக்காரர்கள் ஆடத் தோதாக ஒன்று இல்லையே என்று தானே செய்தார் என்பது செய்தி. நம் பிள்ளைகளும் உள்ளூர் நிருபரிடம் போகும்போது ஆப்பின் அம்சங்களை அடுக்காமல், யாருடைய எந்தக் கஷ்டத்துக்காகச் செய்தோம் என்று சொன்னால் அரைப் பத்தியாவது வரும்.

இனி, நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டிய விஷயம். சில பிள்ளைகள் ப்ளே ஸ்டோருக்குப் போகாமல், ஏபிகே என்கிற கோப்பை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பி, "செட்டிங்ஸ்ல போய் இதை ஆன் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அனுப்பியவர் சொந்த அக்கா பேரனாக இருந்தாலும். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கேஒய்சி என்று பெயர் போட்டுத் திருடர்கள் அனுப்புவதும் இதே ஏபிகேதான். உள்ளே புகுந்து நமக்கு வரும் ஓடிபியைப் படித்துக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அந்தப் பேரன் நல்லவனாகவே இருக்கட்டும். 'தெரிந்தவர் அனுப்பினால் ஏற்றலாம்' என்ற பழக்கத்தை அவன் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறான். அடுத்த வாரம் தெரிந்தவரின் போனைப் பிடித்த திருடன் அனுப்புவான். ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும், நம் பணத்தில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். விளம்பரத்துக்குக் காசு இல்லை என்பது நியாயம். இதற்குக் காசு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். தாத்தா பாட்டிகள் சேர்ந்து கட்டிக் கொடுத்துவிடலாம். ஐபோன் கடை என்றால் ஆண்டுக்கு 99 டாலர். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். (ஏற்கெனவே அப்படி ஏதாவது ஏற்றிப் பணம் போயிருந்தால் 1930க்கு உடனே போன் செய்யுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.)

நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது, அதைத் தாராளமாகச் செய்யலாம். மூன்று ஸ்டார் போட்டு, 'எழுத்து சிறியதாக இருக்கிறது, பழைய போனில் நின்றுபோகிறது' என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆப் செய்தவர் அதற்குக் கீழேயே பதில் எழுத முடியும். சரிசெய்த பிறகு நாம் ஸ்டாரைக் கூட்டிக்கொள்ளவும் முடியும். அந்நியர் ஒருவர் அதைப் படித்தால், இங்கே கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும். 'சூப்பர்' என்ற வார்த்தை நாற்பது தடவை வந்திருந்தால் அப்படித் தெரியாது. பிறகு, அது யாருக்குத் தேவையோ அவரிடம் மட்டும் சொல்லுங்கள், நம் சொந்த வார்த்தையில், முடிந்தால் நேரில்.

எங்கள் தெரு ஆப்பில் இன்னும் பாக்கி இருக்கிறது. மாதக் கணக்கைத் தாளில் அச்சடித்துத் தரும் வசதி வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள், செய்துகொண்டிருக்கிறாள். நான் இப்போதைக்கு நாலு ஸ்டாரில் நிற்கிறேன், அவளுக்கும் அது தெரியும். என் மனைவி இன்னும் தினக் காலண்டரில்தான் பேனாவால் டிக் போடுகிறாள். மாதக் கடைசியில் காலண்டரையும் ஆப்பையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. போன மாதம் கால் லிட்டர் உதைத்தது. காலண்டரில்தான் பிழை என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.