பாறையின் பாட்டு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் வழியில் கரடும் குன்றுமாகவே காட்சி தரும். அப்பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு என்பர் பூகர்ப்ப சாஸ்திரிகள்.

‘ராக்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பாறை என்றும் பொருளுண்டு. அண்டையிலுள்ள பெங்களூரில் 2011-ல் மெட்டாலிகா குழுவினர் முழக்கிய ராக் சங்கீதத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. மெய்யான பாறைச் சங்கீதத்துக்கோ ஒரு கூழாங்கல் போதும்!

எதியோப்பியாவின் பழைய மாதா கோயில்களில் வெண்கல மணிக்குப் பதிலாகக் கற்பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சிறு கல்லால் தட்டி ஜனங்களை ஆராதனைக்கு அழைப்பதுண்டு. அந்நாட்டு லாலிபெலாவில் 11 கோயில்களைப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதன்று. நெல்லையப்பர் கோயிலின் கற்றூண்கள் தட்டினால் ஸ்வரம் பேசும். நம் ஸ்தபதிகள் உளி வைக்குமுன் கல்லைத் தட்டிக் கேட்பார்கள். மணியென ஒலிப்பது சிலைக்கு; ஊமைக் கல் அடித்தளத்துக்கு.

கிருஷ்ணகிரிக் கல்லை இன்று தட்டிக் கேட்பார் யார்? துளையிட்டுப் பிளந்து, பாளமாக அறுத்துக் கப்பலேற்றுகிறார்கள். அயல்நாட்டுச் சமையலறை மேடையாகவும் கல்லறைப் பலகையாகவும் அது போய்ச் சேருகிறது. குன்று இருந்த இடத்தில் குழியும், அதில் தேங்கிய மழைநீருமே மிச்சம். ராயக்கோட்டைப் பக்கம் செல்லும் நேயர்கள், குன்று நிற்கும்போதே ஒரு முறை தட்டிக் கேட்டு வரலாம்.