அழிப்பது வைத்தியமல்ல

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் ஓரளவு புதிய செயலியும் தேவை என்று அந்நிறுவனம் நிபந்தனை விதித்திருப்பதால், நல்ல நிலையில் உழைத்துக்கொண்டிருந்த மடிக்கணினிகள் பல திடீரென்று முதுமை எய்திவிட்டன. அவற்றை வைத்திருப்போர் விண்டோஸை முற்றாகக் கைவிடாமல், அதனருகே உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றையும் நிறுவிக்கொள்ள விரும்புவது இயல்பானதே.

நிறுவிய பின்னர் கணினி தொடங்க மறுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவுவோம்" என்பதே அவ்வேளையில் பெரும்பாலும் கிடைக்கின்ற முதல் ஆலோசனை. இந்த ஆலோசனையை நான் வன்மையாக எதிர்க்கிறேன். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வன்தட்டு என்பது வெறும் உதிரிப்பாகம் அல்ல. அது ஓர் ஆவணக் காப்பகம். இடப்பெயர்வுகளின்போது புகைப்படங்களையும் உறுதிகளையும் ஒரு தடவை இழந்துவிட்ட நம்மவர் பலருக்கு, எஞ்சியவற்றின் ஒரே பிரதி இன்று இத்தகைய கணினிகளுக்குள்ளேயே இருக்கிறது.

கணினி தொடங்க மறுப்பதால் மாத்திரம் தரவுகள் அழிந்துவிட்டன என்று கொள்ளலாகாது. மின்சாரம் கிடைத்ததும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. தாய்ப்பலகையில் உள்ள யூ.ஈ.எஃப்.ஐ. என்ற நிலைபொருளே. வன்தட்டின் சிறியதொரு பகுதியில் இரண்டு இயங்குதளங்களும் தத்தமது தொடக்கிகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருக்கின்றன. எதை முதலில் அழைப்பது என்ற பட்டியல் தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியல் குலைந்தால் இயங்குதளமே காணாமற்போனது போலத் தோன்றும். வீடு அப்படியே இருக்கிறது, விலாசம்தான் தவறிவிட்டது.

எனவே முதலில் பார்க்கவேண்டியது அந்த வரிசையையே. கணினியை இயக்கியவுடன் எஃப்2, எஃப்12, எஸ்கேப் போன்றவற்றில் அதன் தயாரிப்பாளர் நிர்ணயித்த விசையை அழுத்தினால் அது தெரியவரும். விண்டோஸ் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் லினக்ஸின் தொடக்கியான கிரப்பை மீண்டும் மேலே கொண்டுவரலாம். மாறாக, கிரப் காட்டும் பட்டியலில் விண்டோஸ் தென்படாவிட்டாலும் அஞ்சவேண்டியதில்லை. 2021 இல் வெளியான கிரப் 2.06 முதல், ஏனைய இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக் கருதி நிறுத்திவைக்கப்பட்டே வருகிறது. அதன் அமைப்புக் கோப்பில் அனுமதி வழங்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போதுமானது. ஓர் இயங்குதளம் பழைய பயோஸ் முறையிலும் மற்றையது யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலும் நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

எப்போதும் பயனாளரே தவறிழைத்தார் என்றும் கூறிவிட முடியாது. 2024 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் ஒன்று, இரண்டு இயங்குதளங்களைக் கொண்ட கணினிகளுக்குப் பிரயோகிக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. அதற்கான தீர்வு 2025 மே மாத இற்றைப்படுத்தலுடனேயே வந்தது. இடைக்காலத்தில் செக்கியூர் பூட் என்ற காவலைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்ஸைத் தொடங்க முடிந்தது. தடைப்பட்டது தொடக்கமே தவிர, கோப்புகள் அழிந்திருக்கவில்லை.

தரவுகள் உண்மையாகவே கைநழுவக்கூடிய இடம் வேறு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் வன்தட்டைத் தானாகவே மறைகுறியாக்கி வைக்கிறது. நிலைபொருளின் அமைப்புகளை மாற்றும்போது அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையேல் தரவுகள் இருந்தும் பயனில்லை. ஆகவே அந்த இலக்கங்களை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வதும், கோப்புகளை வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுப்பதும், இரண்டாவது இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்னர் ஆகவேண்டிய காரியங்கள்.

அழித்து நிறுவுவது பழுதுபார்ப்பவருக்கு இலகுவான வேலை. இழப்போ உரிமையாளருக்குரியது. "அழிக்கட்டுமா?" என்று கேட்பவரிடம் "தொடக்க வரிசையைப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் எவருக்கும் நட்டமில்லை.