யாருக்கு ஒரு மணி நேரம்?

ஐதராபாத்துக்கும் சென்னைக்கும் இடையே ஆகாய வழித் தூரம் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைக் காட்டித் தூரம் குறைந்துவிட்டது என்று பெருமை பேசப்படுகிறது. யாருக்குக் குறைந்தது என்பதே நமது கேள்வி.

நாம் போகும் இரயில் நேராகப் போவதில்லை. சார்மினார் எக்ஸ்பிரஸ் கிழக்கே காசிப்பேட்டை, வாரங்கல் சென்று, விஜயவாடாவைத் தொட்டு, நெல்லூர், கூடூர் வழியே தெற்கே இறங்குகிறது. தண்டவாளக் கணக்கில் தூரம் சுமார் 800 கிலோமீட்டர். ஓர் இரவு முழுவதும் ஓட வேண்டும். பயணம் சென்னையோடும் முடிவதில்லை. சேலம் பக்கத்துக் கிராமத்துக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர மறுநாள் பிற்பகலாகிவிடுகிறது.

பொங்கலுக்குப் போவதென்றால் பொறுத்துக்கொள்ளலாம். சாவுக்குப் போவதென்றால்? 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. சாவு 60 நாள் தவணை கொடுத்துவிட்டு வருவதில்லை. தட்கல் சீட்டு முந்தின நாள்தான் கிடைக்கும். கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். விமானத்தில் இடம் இருக்கும். ஆனால் நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். அவசரத்தில் இருப்பவனிடம் அதிகம் பறிப்பதே அந்த வியாபாரத்தின் முறை. மிஞ்சுவது பொதுப்பெட்டி. கால் வைக்க இடமின்றி இரவெல்லாம் நின்று போயும், பெற்றவள் முகம் பார்க்க முடியாமல் சாம்பலைப் பார்த்துத் திரும்பியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

கட்டணத்துக்கு வரம்பு கட்ட முடியாது என்பார்கள். 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு மத்திய அரசே உச்சவரம்பு விதித்திருந்தது. ஆக, முடியாமல் இல்லை, மனம்தான் இல்லை.

வழிச்செலவும் நாம் கேட்கும் பிச்சையல்ல. ஒப்பந்தக்காரர் வழியாக வேறு மாநிலம் சென்ற தொழிலாளிக்குப் போகவர வழிச்செலவும், பயண நாள்களுக்குக் கூலியும் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் வழிச்செலவு உண்டு. ஏட்டில் உள்ளது எத்தனை பேர் கைக்கு வந்தது?

கேட்காமல் எதுவும் வந்ததில்லை. 2020 ஊரடங்கில் இரயில்கள் நின்றன. இங்கே சங்காரெட்டி அருகே கந்தியில், ஐ.ஐ.டி. கட்டுமானத் தளத்தில் இருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் கூலியும் ஊர் திரும்ப வழியும் கேட்டு ஏப்ரல் 29-இல் கிளர்ந்தெழுந்தார்கள். மே தினத்து விடியற்காலையில், நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு இரயில் சுமார் 1,200 பேருடன் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்கண்டின் ஹதியாவுக்குப் புறப்பட்டது.

நமது கோரிக்கைகள் இவை: தமிழகம் செல்லும் வண்டிகளில் பொதுப்பெட்டிகளைக் கூட்டுக. சாவுக்கும் நோய்க்கும் போகிறவர்களுக்குச் சாதாரணக் கட்டணத்தில் சில இடங்களை ஒதுக்குக. கடைசி நேர விமானக் கட்டணத்துக்கு வரம்பு கட்டுக. ஒப்பந்தக்காரர்களிடமிருந்து வழிச்செலவை வசூலித்துக் கொடுக்க.

தென்மத்திய இரயில்வேயின் தலைமையகம் எங்கோ டில்லியில் இல்லை. நமது செகந்திராபாத்திலேயே இருக்கிறது. மனுவில் குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும். பெண்களும் முன்வந்து கையெழுத்திட வேண்டும். ஊருக்குப் போக முடியாத துயரம் அவர்களுக்கே அதிகம்.