லோயர் ஆர்ம்: புஷ் மட்டும் போதுமா?

கேள்வி: 20 வருடப் பழைய மாருதி 800. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம். லோயர் ஆர்மையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். புஷ் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: ஆர்ம் வளையாமல், துரு அரிக்காமல் இருந்து, பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இல்லையென்றால் புஷ் போதும். அதைச் சுத்தியலால் தட்டாமல் பிரஸ்ஸில் வைத்து மாற்றச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட் ஆடினால் முழு ஆர்ம்தான். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும், இதில் சிக்கனம் வேண்டாம்.

கிராமத்துச் சாலைக்கு ரப்பர் புஷ்ஷே நல்லது. வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் நடக்கும் தவறு இது. சக்கரம் தரையில் நின்றபிறகே கடைசி இறுக்கு. அப்புறம் வீல் அலைன்மென்ட்.